ஷெட்லாந்தில் ஒரு வழிகாட்டி எதற்கு?

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தின் வடகோடியையும் தாண்டி, கடலுக்குள் கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அபர்டீன் துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறினால், மறுநாள் காலை லெர்விக் நகரில் இறங்கலாம். சுமார் நூறு தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பது பதினைந்து பதினாறில்தான். மரங்கள் அரிது, காற்று ஓயாது. கோடையின் உச்சத்தில் சூரியன் பத்தொன்பது மணி நேரம் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும்.

ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த ஒரு சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் மலை, கடற்கரை, மேய்ச்சல் நிலம் என்று பெரும்பாலான இடங்களில் தாராளமாக நடக்கலாம். அப்படியென்றால் காசு கொடுத்து ஒரு வழிகாட்டியை ஏன் கூட்டிப்போக வேண்டும்? நியாயமான கேள்விதான். பாதை காட்ட அங்கே ஆள் தேவையில்லை, வரைபடம் போதும். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் தேவை.

நீர்நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலேயே நீர்நாய்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஷெட்லாந்து ஒன்று. ஆற்றிலும் ஓடையிலும் வாழும் அதே இனம்தான், ஆனால் இங்கே கடலில் இரை தேடுகிறது. உப்பு படிந்தால் ரோமம் குளிரைத் தடுக்காது. அதனால் அடிக்கடி நன்னீரில் உடம்பை அலசியாக வேண்டும். கரையோரத்தில் நன்னீர்க் குட்டை எங்கே இருக்கிறது, பாறைமேல் கிடக்கும் எச்சம் புதியதா பழையதா என்று பார்த்தே வழிகாட்டி தேட ஆரம்பிப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அதைவிட முக்கியம். நம் வாடை அதற்குப் போய்விட்டால் அன்றைய கதை முடிந்தது. நீர்நாய் மூழ்கியதும் நாம் நகரலாம். அது தலையைத் தூக்கும் முன் அசையாமல் படுத்துவிட வேண்டும். மூழ்குவது அரை நிமிடம்கூட இருக்காது. இப்படியே குனிந்து, ஓடி, படுத்து, மறுபடி ஓடி, ஒரு நண்டை அது கரைக்கு இழுத்து வந்து தின்பதைப் பார்க்கலாம். நாம் வந்ததும் போனதும் அதற்குத் தெரியாமலே இருந்தால் அதுதான் நல்ல நடை.

அடுத்து மூசா. இது ஆளில்லாத சிறு தீவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்று, பதிமூன்று மீட்டர் உயரத்தில் இன்னும் நிற்கிறது. அதன் கல்லிடுக்குகளில் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கடற்பறவை கூடு வைக்கிறது. சிட்டுக்குருவி அளவுதான், எடை இருபத்தைந்து கிராமை ஒட்டி இருக்கும். அதுவோ குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கக் கடலில் கழித்துவிட்டு இங்கே திரும்பி வருகிறது! கடற்காக்கைக்கும், ஸ்குவா என்னும் வேட்டையாடும் கடற்பறவைக்கும் பயந்து, உள்ளதில் இருட்டான நேரம் பார்த்துத்தான் கரைக்கு வரும். கோடையில் அங்கே இருட்டு என்பதே ஒரு மங்கல் வெளிச்சம்தான். அதற்காகவே சில இரவுகளில் தாமதமாகப் படகு விடுகிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. சுவரருகே நின்றால் கல்லுக்குள்ளிருந்து குறுகுறுவென்று சத்தம் வரும். வெளியே இறக்கைகள் வௌவால்போலச் சுற்றும். இந்த ஒன்றுக்காகவே அவ்வளவு தூரம் போகலாம் என்பேன்.

பஃபின் என்னும் கடற்பறவையைப் பார்க்க இவ்வளவு பாடு வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை சம்பர்க் முனையில், 1821இல் எழுந்த கலங்கரை விளக்கத்தின் மதிலருகே நின்றாலே போதும். படம் எடுக்கிற ஆசையில் மதிலைத் தாண்டிப் புல்லில் கால் வைக்காதீர்கள். அந்த மண்ணுக்குள் வளை இருக்கிறது, வளைக்குள் குஞ்சு இருக்கிறது.

இந்த விலகி நிற்றலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021, 2022 ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் இந்தக் கரைகளை உலுக்கியது. உலகில் உள்ள ‘பெரிய ஸ்குவா’ இனப் பறவைகளில் பாதிக்கு மேல் பிரிட்டனில்தான் முட்டையிடுகின்றன. நோய்க்குப் பின் எடுத்த கணக்கெடுப்பில் அங்கே அவற்றின் எண்ணிக்கை 76 விழுக்காடு குறைந்திருந்தது. ஷெட்லாந்துக்காரர்கள் பாங்ஸி என்று கூப்பிடும் பறவை இது. கூட்டருகே போனால் தலையைக் குறிவைத்துப் பாயும். முன்பெல்லாம் குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்து போவார்கள். அது உயரமான நுனியைத்தான் தாக்கும். இன்றைக்கு நான் சொல்வது, பாய ஆரம்பித்தால் வந்த வழியே விலகிவிடுங்கள். மிஞ்சியிருக்கிற ஒவ்வொரு கூடும் அதற்கு வேண்டும். இரையும் குறைந்திருக்கிறது. பஃபினும் மற்ற கடற்பறவைகளும் நம்பியிருக்கும் சாண்ட் ஈல் என்ற சிறு மீனைப் பிடிப்பதற்கு 2024இல் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதும் தடை போட்டார்கள். காலம் கடந்து வந்தாலும் நல்ல முடிவு அது.

போக நினைப்பவர்கள் ஜூனைத் தேர்ந்தெடுங்கள். மூசா இரவுப் படகுக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். காற்று பலத்தால் படகு போகாது, அதனால் கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வழிகாட்டியை அமர்த்தும்போது எத்தனை விலங்கு காட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். உடனே பதில் சொல்பவரோடு போங்கள். நன்றி, வணக்கம்.