சிறுவயதில் ஆயுள் தண்டனை: பரோல் தகுதி வந்தால் கதவு திறந்துவிடுமா?

(திரையில்: அமெரிக்க உச்ச நீதிமன்றம்)

அமெரிக்காவில் 18 வயதுகூட நிரம்பாதவர்களுக்கு ‘பரோல் இல்லாத ஆயுள் தண்டனை’ கொடுத்திருக்கிறார்கள். சாகும்வரை உள்ளேதான் என்று அர்த்தம். அங்கே பரோல் என்பது சில நாள் விடுப்பு அல்ல. மீதித் தண்டனையை அதிகாரிகளின் கண்காணிப்பில் வெளியே கழிக்கக் கிடைக்கும் அனுமதி.

2010-இல் கிரஹாம் வழக்கில், கொலை அல்லாத குற்றத்துக்குச் சிறார்களை இப்படி அடைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2012-இல் மில்லர் வழக்கு. கொலையே என்றாலும், வயதையும் வளர்ந்த சூழலையும் பார்க்காமல் சட்டம் தானாகவே இந்தத் தண்டனையை விதிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பதின்வயதில் நிதானம் குறைவு, கூட்டாளிகளின் பிடி அதிகம், திருந்தும் வாய்ப்பும் அதிகம் என்பதுதான் அடிப்படை.

(திரையில்: 1963)

பழைய கைதிகளின் கதி என்ன? அதற்குப் பதில் ஹென்றி மாண்ட்கோமரியின் வழக்கில் கிடைத்தது. 1963-இல், 17 வயதில், லூசியானாவில் ஒரு காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றவர். சிறையில் துணியில் அச்சடிக்கும் பிரிவில் வேலை பார்த்தார், கைதிகளின் குத்துச்சண்டை அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். மில்லர் தீர்ப்பு முன்பே தண்டனை பெற்றவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-இல் அவர் வழக்கில்தான் முடிவானது. அந்தத் தீர்ப்பால் நாடெங்கும் பலர் வெளியே வந்தார்கள். அவரோ உள்ளேயே இருந்தார்.

ஏன்? அவருக்குக் கிடைத்தது பரோல் கேட்கும் தகுதிதான். தகுதி கிடைத்தால் பரோல் வாரியத்தின் முன் உட்காரலாம், அவ்வளவுதான். வெளியே விடுவதா வேண்டாமா என்பது வாரியத்தின் கையில். கொல்லப்பட்டவரின் குடும்பமும் அங்கே பேசும். அவர்களுடைய இழப்புக்குக் காலக்கெடு கிடையாது, அதைக் கேட்டே ஆக வேண்டும்.

2018-இல் மாண்ட்கோமரிக்கு மறுப்பு. 2019-இல் மூன்று உறுப்பினர்களில் இருவர் சம்மதித்தும், ஒருவர் ‘இன்னும் சில சீர்திருத்த வகுப்புகள் முடிக்கட்டும்’ என்றதால் மறுபடியும் மறுப்பு, மூவரும் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்பது விதி. அவரைப் போன்ற ஆயுள் கைதிகளுக்குப் பல பத்தாண்டுகள் அந்த வகுப்புகளே கிடைக்கவில்லை என்று அவருடைய வழக்கறிஞர்கள் சுட்டிக்காட்டியிருந்தார்கள். நடத்தாத வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று கேட்பது அநியாயம். கடைசியில் 2021 நவம்பரில், 75 வயதில், விடுதலையானார்.

(திரையில்: மாநில வரைபடம்)

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 25 வயது வரை செய்த பல குற்றங்களுக்கு, தண்டனையின் அளவைப் பொறுத்து 15, 20 அல்லது 25-ஆவது ஆண்டில் சிறப்பு பரோல் விசாரணை உண்டு. இளம் வயதின் முதிர்ச்சியின்மைக்கு வாரியம் அதிக மதிப்பு கொடுத்தாக வேண்டும். ஆனால் 18 வயது நிரம்பியபின் செய்த குற்றத்துக்குப் பரோல் இல்லாத ஆயுள் பெற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

எனக்கு முக்கியமாகப்படுவது மாசசூசெட்ஸ். சிறுவயதில் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் பெற்ற கைதிக்கு முதல் பரோல் விசாரணையில் வழக்கறிஞர் உதவி உண்டு, வாரியம் மறுத்தால் நீதிமன்றம் போகலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. பள்ளிப் பருவத்திலேயே சிறைக்குப் போய், நரைத்த தலையோடு வாரியத்தின் முன் உட்காருபவரால் தன் வழக்கைத் தானே எடுத்துச் சொல்ல முடியாது. இந்த ஏற்பாடு எல்லா மாநிலத்துக்கும் வர வேண்டும்.