ஆண்டவரிடம் கணக்குக் கேட்கலாமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும், கொடியேறின நாளிலிருந்து பாய் விரித்து இடம் பிடித்துவைத்திருக்கிற ஊர் மக்களுக்கும் வணக்கம். பட்டிமன்றம் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார், அப்புறம் குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்து இந்தக் கலையைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனார். அதனால் இங்கே மேடையேறி அரைகுறையாகப் பேசிவிட்டு இறங்க முடியாது, முன்வரிசை ஆச்சிமாரே மார்க் போட்டுவிடுவார்கள்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். துன்ப காலத்தில் விசுவாசத்தைக் காப்பாற்றுவது பணிந்து ஏற்பதா, முறையிட்டுக் கேட்பதா? முறையிட்டுக் கேட்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பைபிளில் வருகிற யோபுவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்துப் பிள்ளைகளும் போனார்கள், ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் போயிற்று, அப்போதும் யோபு "ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்றார், அதுதான் விசுவாசம் என்று அண்ணன் சொன்னதும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சரி. ஆனால் அது முதல் அதிகாரம். யோபு புத்தகத்தில் 42 அதிகாரம் இருக்கிறது அண்ணே. மூன்றாம் அதிகாரத்திலேயே அந்த மனிதர் வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்கப்புறம் அதிகாரம் அதிகாரமாக, என்னை ஏன் குறிவைத்து அடிக்கிறீர், என் மேல் என்ன குற்றம், நேரில் வந்து வழக்காடும் பார்ப்போம் என்று கடவுளையே கூண்டில் ஏற்றுகிறார். அவருடைய நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்ததும்தான் கெட்டது. நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய், கடவுள் நீதியுள்ளவர், பேசாமல் பணிந்து போ என்று ஆளாளுக்குப் பிரசங்கம். கடைசியில் கடவுளே வந்து யாரைக் கண்டித்தார்? என் ஊழியன் யோபு என்னைப் பற்றிச் சரியாகப் பேசியதுபோல நீங்கள் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான். யோபுவும் புழுதியிலும் சாம்பலிலும் உட்கார்ந்து மனம் வருந்தினாரே என்று எதிரணியில் அடுத்துப் பேசுபவர் எழுந்திருப்பார். நல்லது, எழுந்திருங்கள். அது 42:6. அடுத்த வசனத்தையும் வாசித்துவிட்டு உட்காருங்கள், நான் சொன்னது அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ஓரியூர். அங்கே வெட்டுப்பட்டு இறந்த மறைசாட்சி புனித அருளானந்தரைப் பற்றி நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை மடித்து வீட்டில் வைக்காத குடும்பம் இங்கே குறைவு. 1693 பிப்ரவரி 4, வெட்டுப்படப் போகிறோம் என்று தெரிந்தும் கலங்காமல் நடந்தார், அவர் எங்கே முறையிட்டார் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அவர் லிஸ்பனில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர். 1686இல் இந்த மறவர் சீமையில் சித்திரவதை பட்டு உயிர் பிழைத்தவர், அதற்கப்புறம் ஐரோப்பாவுக்கும் போய்விட்டவர். அங்கேயே இருந்திருக்கலாம். வேண்டுமென்றே திரும்பி வந்தார். எதற்காகச் சாகிறோம் என்று அவருக்குத் தெரியும். நம் வீடுகளுக்குள் வருகிற துன்பம் அப்படியா வருகிறது? காரணம் சொல்லிவிட்டா வருகிறது? தேர்ந்தெடுத்துச் சுமந்த சிலுவையையும் தூங்கும்போது தலையில் விழுந்த உத்தரத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இப்போது என் வீட்டுக் கதை. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தம்பி வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான், 26 வயது. சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனான். அவனுடைய உடம்பு வீடு வந்து சேர 19 நாள் ஆயிற்று. அந்த 19 நாளும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு விளக்கவும் முடியாது. வந்த பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் அப்பா காரைக்குடியில் ஒரு கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். சிட்டை, பேரேடு, வரவு செலவைக் கூட்டி முடிக்கிற ஐந்தொகை என்று அவர் வாயில் வருகிற வார்த்தையே வேறு. கேதம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா அமைதியாக, "ஆண்டவர் கொடுத்தாரு, எடுத்துக்கிட்டாரு" என்றுதான் சொன்னார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்ன ஒரு விசுவாசம் என்று ஊரே பேசியது. எதிரணி தேடுகிற ஆள் அவர்தான்.

அம்மா அப்படி இல்லை. எங்கள் கோயிலில் வியாகுல மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது, மடியில் இயேசுவின் உடலோடு. அம்மா தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்று சண்டை போடும். பூசைக்குப் போகாது, செபமாலை சொல்லாது, சண்டை மட்டும்தான். ஒருநாள் நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். "ஒம் பிள்ளைய மடியில வச்சாச்சும் நீ அழுத. எனக்கு மூடுன பெட்டியில்ல வந்துச்சு." அதைக் கேட்டுவிட்டு நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். செபக்கூட்டத்துப் பெண்கள் வீட்டுக்கு வந்து, இப்படியெல்லாம் பேசினால் பாவம், தேவ சித்தம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா அதற்கப்புறம் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. எங்கள் அப்பத்தா மட்டும் வந்து, ஒரு வசனமும் சொல்லாமல், அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும். பெரிய வியாழன் ராத்திரி, இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற வியாகுலப் பிரசங்கத்தை ராகம் போட்டு வாசிக்கிற குடும்பத்தில் பிறந்தது அப்பத்தா, எப்படி அழ வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

இன்றைக்கு யார் கோயிலுக்குள் இருக்கிறார்கள்? அம்மா. போன ஞாயிறும் காலைப் பூசையில் முன்வரிசையில் இருந்தது. வருத்தம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, இப்போதும் அந்தச் சுரூபத்தைக் கடக்கும்போது ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போகும். அப்பா? முதல் வருடம் வாசலில் நின்றார், அடுத்த வருடம் எதிர்த்த டீக்கடையில் நின்றார், அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கே வரவில்லை. ஏன்ப்பா என்று கேட்டேன். "கணக்கு முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கைப் பற்றி நான் சொல்லித்தரப் போவதில்லை. கொடுக்கல் வாங்கல் இருக்கிற வரைக்கும்தான் ஒருவர் இன்னொருவரிடம் கணக்குக் கேட்பார், பற்று எவ்வளவு வரவு எவ்வளவு என்று சத்தம் போடுவார். இனி உறவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் சத்தம் போடமாட்டார், பேரேட்டை மூடிவிடுவார். எங்கள் வீட்டில் சத்தம் போட்டது அம்மா, மூடியது அப்பா. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை, பணிந்து ஏற்று அதிலேயே நிலைத்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அமைதியாக இருப்பவரெல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக் கைதட்டாதீர்கள்.

பைபிளில் திருப்பாடல்கள் மொத்தம் 150. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்தான். 88ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள், இருட்டில் முடிகிறது, ஆறுதலாக ஒரு கடைசி வரிகூடக் கிடையாது. ஐந்தொகை போடாமலே விட்ட கணக்கு மாதிரி. அதையும் செபம் என்றுதான் திருச்சபை இத்தனை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்துச் சைவர்களுக்கும் இது புதிதில்லை, கண் போன சுந்தரர் திருவாரூரில் நின்று, நீர் நன்றாக வாழும் என்று சிவனையே சாடிய நாடுதானே இது.

எதிரணியில் ஒரு நல்ல வாதம் வந்தது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். பாலைவனத்தில் இஸ்ரயேலர் முறுமுறுத்தார்கள், தண்டனை வாங்கினார்கள் என்றார்கள். உண்மை, எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரம். ஆனால் அதே அதிகாரத்தில் மோசேயும் பேசுகிறார், மக்களைவிடக் காட்டமாக. இந்த சனத்தையெல்லாம் நானா பெற்றேன், என்னால் சுமக்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுவிடும் என்கிறார். அவருக்கு என்ன கிடைத்தது? சுமையைப் பங்கிட்டுக்கொள்ள எழுபது மூப்பர்கள். இரண்டு பேச்சுக்கும் என்ன வித்தியாசம் என்றால், மக்கள் அவரவர் கூடார வாசலில் நின்று அழுது முறுமுறுத்தார்கள், இன்னொரு முறை கூடாரத்துக்குள்ளேயே முறுமுறுத்தார்கள் என்று இணைச்சட்ட நூலும் சொல்கிறது. மோசே முகத்துக்கு நேராகக் கேட்டார். புறம் பேசுவது வேறு, நேரே நின்று கேட்பது வேறு, இது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கே தெரிந்த சட்டம்.

அன்னை தெரசாவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அவருடைய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோதுதான், பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் ஒரே இருட்டாக இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த இருட்டையும் அவர் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதித்தான் வைத்தார்.

கெத்சமனியில் ஆண்டவர், உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றாரே என்கிறார்கள். என்றார். அதற்கு முன்னால், இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்றும் கேட்டார், கேட்டுவிட்டுத்தான் பணிந்தார். மறுநாள் சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று உரக்கக் கத்தினார். எனக்கு அதைவிட நெருக்கமானது பெத்தானியா ஊரில் நடந்தது. லாசர் நோய்ப்பட்டிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்புகிறார். வந்து சேரும்போது அடக்கம் பண்ணி நாலு நாள். லாசரின் உடன்பிறந்த மார்த்தா வழியிலேயே மறித்து, "நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான்" என்கிறாள். அவளுக்கு அவன் அண்ணனா தம்பியா என்று வேதத்தில் இல்லை, எனக்குத் தம்பி என்றே வாயில் வருகிறது. அவள் கூடப்பிறந்த மரியாவும் வந்து அதையே சொல்கிறாள். நம் ஊர் இழவு வீட்டில் கேட்கிற அதே வார்த்தை.

முந்தாநாள் இந்தப் பேச்சை எழுதி மேசையில் வைத்திருந்தேன். அப்பா எடுத்து வாசித்திருக்கிறார். "மார்த்தா அப்படியா கேட்டுச்சு?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "அதுக்கு அவரு திட்டலையா?" இல்லப்பா, கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். கோயிலுக்குள் வரமாட்டேன் என்கிறவர், பட்டிமன்றம் மைதானத்தில் என்பதால் இன்றைக்கு வந்திருக்கிறார், அதோ பின்னால் சுண்டல் வண்டிப் பக்கம் நிற்கிறார். நடுவர் ஐயா, தீர்ப்பு எந்தப் பக்கம் என்றாலும் சரி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இடது காது கேட்காது.