தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா?

(வடக்கு டெக்சாஸில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். கைதட்டல்களைக் குறிக்கவில்லை, அவ்வளவாக இருக்கவுமில்லை.)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஓய்வு கொடுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டும் கிடைக்காத செயலாளர் அண்ணன் அவர்களே, பொருளாளர் அக்கா அவர்களே, ஒரு வார்த்தையும் புரியாமல் இரண்டு மணி நேரமாகப் புன்னகை மாறாமல் உட்கார்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை எண்ணிப் போடாத சமையல் குழுவினரே, எனக்கு அடுத்துக் கரகம் ஆடுவதற்காக அங்கே ஓரத்தில் தவித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகளே, வணக்கம். போன வருஷம் முன்னாள் தலைவரின் பெயரை விட்டுவிட்டேன். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. முன்னாள் தலைவர் அவர்களே, உங்களுக்கு இந்த முறை இரண்டு வணக்கம்.

"பொங்கலும் தமிழர் பண்பாடும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். அதைப் போன வருஷமே பேசிவிட்டேன். இந்த வருஷம் நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையைப் பற்றிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நாம் குடியிருப்பது கால்பந்து ஊர். காலால் உதைக்கும் பந்தைச் சொல்லவில்லை. கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அந்தப் பந்து. நம் ஊர் அணி டல்லாஸ் கவ்பாய்ஸ் கடைசியாக சூப்பர் பவுல் என்ற சாம்பியன் பட்டத்தை ஜெயித்தது 1996 ஜனவரியில். அந்த மாதம் பிறந்த குழந்தைக்கு இப்போது தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் பாதிப் பேர் அந்த நீல நட்சத்திரச் சட்டையில்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது. ஆகவே நான் விளையாட்டுக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அடிபட்டால் மூளைக்குள் என்ன நடக்கிறது. இரண்டு, இந்த ஊர் அதை ஏன் ஒத்துக்கொள்ளத் தயங்குகிறது. மூன்று, காப்பீடு. முதலில் என் வீட்டுக் கதை.

நாலு வருஷத்துக்கு முன்னால், என் மகனுக்கு 11 வயது. வகுப்பில் எல்லாரும் சேருகிறார்கள் என்று அவனும் ஊர்ச் சிறுவர் அணி ஒன்றில் சேர்ந்தான். அணியின் பெயர் வேண்டாம். அந்த நேரத்தில் கோவில்பட்டியிலிருந்து என் அம்மா வந்திருந்தார். வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். மடக்கு நாற்காலி, குடை, ஃப்ளாஸ்கில் காபி, எல்லாம் உண்டு. பத்து நிமிஷம் பார்த்தார். "ஏல, பந்து ஒருத்தன் கையில இருக்கு. சரி. மத்தவனெல்லாம் எதுக்கு அவன் மேல போய் விழுதான்?" என்றார். விளக்கினேன். "அவன்கிட்ட கேட்டா குடுக்க மாட்டானா?" என்றார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே சாய்ந்துவிட்டது.

ஆட்டத்தின் நாலு பகுதியில் இரண்டாவது பகுதி. என் மகன் குனிந்து பாய்கிறான், எதிரே ஒரு பையன், அவனும் குனிந்து பாய்கிறான். சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும், அது இல்லை. பிளாஸ்டிக் குடத்தைச் சுவரில் அடித்த மாதிரி ஒரு சத்தம். விழுந்தான், எழுந்தான். கோச் தோளைத் தட்டினார். "மணி அடிச்சிருச்சா? உதறிவிட்டு ஓடு!" என்றார். தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் இங்கே மணி அடித்தது என்பார்கள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். இந்த இரண்டு கையாலும் தட்டினேன். அம்மா மட்டும் எழுந்து நின்றுவிட்டு, ஹெல்மெட்டைப் பார்த்ததும் உட்கார்ந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஹெல்மெட்டை நடுக்கூடத்தில் வைத்து மிளகாய், உப்பு எடுத்து மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்தார். புகைக்கு அலாரம் அடித்தது, அதைத் துண்டால் விசிறி அணைத்தது தனிக் கதை.

ராத்திரி சாப்பாடு. பையன் தட்டில் ரசத்தை ஊற்றினான். ஊற்றிவிட்டுச் சோற்றைத் தேடினான். சோறு பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் சிரித்தோம். தேடுவதை நிறுத்தினான், என் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான், ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "ஆச்சி, நீங்க எப்ப வந்தீங்க?"

இரண்டு மாதமாக அவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அஞ்சு நிமிஷம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டான். நான் கார்ச் சாவியைத் தேடினேன்; என் சட்டைப் பையிலேயே இருந்தது, தெரியவில்லை.

சரி, பையன் நன்றாக இருக்கிறான். மூன்று வாரம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, இருட்டறையில் கிடந்தான். அப்புறம் தேறினான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்வி. தலைப்பாகையோடு போயிற்று என்றோமே, போயிற்றா?

எங்கள் ஊரில் உறை ஊற்றிய தயிரைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுவார். தூக்கு நசுங்காது, மூடிகூடக் கழலாது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். மண்டை ஓடு அந்தத் தூக்கு. மூளை நீரில் மிதக்கும் தயிர். ஹெல்மெட் என்பது தூக்கின் மேல் போட்ட உறை, அவ்வளவுதான். மண்டை உடையாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது அது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. உள்ளே மூளை முன்னும் பின்னும் ஆடுவதையும், முக்கியமாகச் சுழன்று முறுக்கிக்கொள்வதையும் அதனால் நிறுத்த முடியாது. அந்த முறுக்கில்தான் நரம்பு இழைகள் இழுபடுகின்றன.

பெரிய அடி மட்டும் கணக்கில்லை. 2011-இல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 7, 8 வயதுப் பையன்கள் ஏழு பேரின் ஹெல்மெட்டுக்குள் அளவுக் கருவி வைத்தார்கள். ஒரு சீசனில் ஒரு பையன் தலையில் வாங்கிய அடி சராசரியாக 107. சில அடிகள் கல்லூரி ஆட்டக்காரர்கள் வாங்குகிற அளவுக்குப் பலமானவை. அந்தப் பலத்த அடிகள் பெரும்பாலும் விழுந்தது ஆட்டத்தில்கூட இல்லை, பயிற்சியில்.

2002-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் இறந்தார். 50 வயது. நாலு சூப்பர் பவுல் வென்றவர், கடைசிக் காலத்தில் காரில் படுத்துத் தூங்கியவர். பிணப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர். வெளியே பார்த்தால் மூளை சாதாரணமாகத்தான் இருந்தது. மனுஷன் விடவில்லை, அதை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். டௌ என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. அடிமேல் அடி வாங்கிய மூளை மெல்ல மெல்லச் சிதைகிற அந்த நோயைச் சிடிஇ என்கிறார்கள். குத்துச்சண்டைக்காரர்களிடம் இப்படி ஒரு தடுமாற்றம் வருவதை 1928-லேயே மார்ட்லண்ட் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். கால்பந்தில் யாரும் தேடவில்லை.

இங்கேதான் இரண்டாவது விஷயம். ஒமாலு 2005-இல் கட்டுரை வெளியிட்டதும், அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் போட்டவர்கள் யார் தெரியுமா? இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல் அமைத்திருந்த மூளைக் காயக் குழுவின் மருத்துவர்கள். 1994-இல் அந்தக் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் மூட்டுவலி மருத்துவர். மூளைக்கு மூட்டு டாக்டர்! ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீகின் மூத்த அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன்னால் வாய்விட்டுச் சொன்னது 2016-இல்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு 2017-இல் வெளியிட்ட கணக்கு எல்லாருக்கும் தெரியும்: என்.எஃப்.எல் ஆடிய 111 பேரின் மூளையில் 110-இல் சிடிஇ. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் பயமுறுத்திப் பிழைக்கிறவன் ஆகிவிடுவேன். சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆகவே ஆடுகிற நூற்றுக்கு 99 பேருக்கு நோய் என்று அர்த்தமில்லை. உயிரோடு இருக்கையில் உறுதியாகக் கண்டுபிடிக்கவும் இன்னும் வழியில்லை. ஆனால் அதே ஆய்வாளர்கள் 2019-இல் 266 பேரை வைத்துப் பார்த்ததில், டேக்கிள், அதாவது மேலே பாய்ந்து ஆளை விழுத்தும் ஆட்டம், ஆடிய ஒவ்வொரு கூடுதல் வருஷத்துக்கும் நோய்க்கான வாய்ப்பு 30 சதவீதம் ஏறியது. என் கட்சி முழுக்க இந்த ஒரு வரியில் நிற்கிறது. எத்தனை வருஷம் ஆடினான் என்பதுதான் கணக்கு என்றால், ஆறு வயதில் தொடங்குவானேன்?

நம் பக்கத்து ஊர் ஆலனில் 2012-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக 6 கோடி டாலரில் மைதானம் திறந்தார்கள். 18,000 பேர் உட்காரலாம். நான் சிவில் எஞ்சினியர், போய்ப் பார்த்து வாயைப் பிளந்தவன். இரண்டு வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டது. உடனே பூட்டினார்கள். 2014 சீசன் முழுக்க அங்கே ஒரு ஆட்டம் கிடையாது. சரியான முடிவு, நானாக இருந்தாலும் பூட்டச் சொல்லியிருப்பேன். கான்கிரீட்டில் விரிசல் தெரிந்தால் ஊரே ஒத்துக்கொள்கிறது, பையன் ரசத்தை ஊற்றிவிட்டுச் சோற்றைத் தேடினால் "உதறிவிட்டு ஓடு" என்கிறது.

ஆட்டத்தை மாற்றினால் ஆட்டம் செத்துவிடும் என்பார்கள். 1905-இல் ஒரே சீசனில் இளைஞர்கள் கிட்டத்தட்ட இருபது பேர் மைதானத்தில் செத்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருஷம் விதிகளை மாற்றினார்கள்; பந்தை முன்னால் எறியலாம் என்று வந்ததே அப்போதுதான். இன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று கூவுகிற அந்த நீண்ட எறி, சாவுக்குப் பயந்து கொண்டுவந்த மாற்றம். ஆட்டம் செத்தா போயிற்று?

வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் 13 வயதுப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி, விழுந்தான். உயிர் பிழைத்தான், பேச்சையும் நடையையும் முதலிலிருந்து கற்கவேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009-இல் சட்டம் வந்தது: சந்தேகம் வந்தால் வெளியே உட்கார வை, மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுக்காமல் இறக்காதே. 2011-இல் டெக்சாஸ் சட்டம், 2014-க்குள் எல்லா மாநிலங்களிலும். நல்ல சட்டம். ஆனால் அடி விழுந்த பிறகு வருகிற சட்டம். நம் மாநிலத்தில் அது பள்ளி அணிகளுக்காக எழுதப்பட்டது. சனிக்கிழமைச் சிறுவர் அணிகளில் கோச் அந்த வீட்டு அப்பா, மருத்துவர் யாருமில்லை, தலைப்பாகை மட்டும் உண்டு.

அதனால் நான் கேட்பது இதுதான். நகர மைதானங்களில் 14 வயதுக்குக் கீழே டேக்கிள் வேண்டாம், ஃப்ளாக் ஆடட்டும். இடுப்பில் தொங்கும் துணிப் பட்டையை உருவினால் அந்த ஓட்டம் அங்கேயே நிற்கும். ஓட்டம் உண்டு, எறிதல் உண்டு, தந்திரம் உண்டு. மேலே விழுவது கிடையாது. என் அம்மா சொன்ன மாதிரி, கேட்டு வாங்குவதற்குக் கிட்டத்தட்டப் பக்கம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் பதக்க ஆட்டமாக வருகிறது, பெண்களுக்கும் சேர்த்து. இளப்பமான ஆட்டம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. காலால் உதைக்கும் சாக்கரிலும் 10 வயது வரை தலையால் முட்டக் கூடாது என்று அமெரிக்கச் சங்கம் 2015-லேயே விதி போட்டாயிற்று. யாரும் ஊரைக் காலி செய்துகொண்டு போகவில்லை.

தலைவர் சீட்டு நீட்டுகிறார். கரகமும் தலையில் ஏறிவிட்டது, பாவம் குழந்தைகள். காப்பீட்டை அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம்.

நகர மன்ற உறுப்பினர் அவர்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டைப் பையில் மடித்து வைத்ததைப் பார்த்தேன். வடைக் கடைக்கு இடது பக்கம் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். முதல் வரியில் தமிழில் ஒரு கையெழுத்து இருக்கும். என் அம்மாவுடையது. இந்த ஊர்வாசி இல்லாததால் செல்லாது என்றார்கள். அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டாவது வரியிலிருந்து போடுங்கள்.