அண்ணன் திரும்பினார், தம்பி திரும்பவில்லை

போலந்துப் பழமைவாதிகள் எல்லாரும் கம்யூனிசத்தை ஒரே மாதிரி எதிர்த்தார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை நண்பர்களே, ஒரே வீட்டுக்குள்ளேயே அது பிளந்து கிடந்தது. மத்ஸ்கியேவிச் சகோதரர்களைச் சொல்கிறேன். அண்ணன் ஸ்தனிஸ்வாவ், அப்போது போலந்தில் இருந்த வில்னோவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) 'ஸ்வோவோ' நாளிதழின் ஆசிரியர். தம்பி யூசெஃப் அதே பத்திரிகையில் எழுதியவர்.

அண்ணனின் கணக்கு இதுதான்: நாம் ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருக்கிறோம், பூகோளத்தை யாராலும் மாற்ற முடியாது, பிரிட்டனை நம்பி ஏமாந்தது போதும், ஜெர்மானியரை எதிர்த்த 1944 எழுச்சியில் வார்சாவே தரைமட்டமானதைப் பார்த்த பிறகும் கனவை வைத்து அரசியல் செய்தால் சாவது நம் பிள்ளைகள்தான். லண்டனில் இருந்த நாடுகடந்த அரசுக்கு 1954-55ல் பிரதமராகவே இருந்தவர், 1956ல் கம்யூனிஸ்ட் போலந்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சரி, தம்பி? 1943ல் போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் ஒப்புதலோடு, ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் பக்கத்திலுள்ள காத்தின் காட்டுக்குப் போனவர் அவர். சுட்டுக் கொல்லப்பட்ட போலந்து ராணுவ அதிகாரிகளின் உடல்களை அங்கே குழியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பைகளில் கடிதங்கள், டைரிகள், சோவியத் செய்தித்தாள் துண்டுகள். தேதிகள் எல்லாம் 1940 வசந்தத்தோடு நின்றுவிட்டன. அப்போது அந்த மண் சோவியத்தின் கையில் இருந்தது, ஜெர்மானியர் வந்ததோ 1941ல். கொன்றது யார் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ரஷ்யா வேறு, கம்யூனிசம் வேறு என்று அவர் பிரித்தே பார்த்தார். ரஷ்யா ஒரு பக்கத்து நாடு, அதனோடு பேரம் பேசலாம்; கம்யூனிசம் மனிதனின் மனத்துக்குள்ளேயே குடியேறுவது, அதனோடு என்ன பேரம் என்று கேட்டார்.

போக்கென்ஸ்கி வீட்டிலும் இதே கதைதான். அலெக்சாந்தர் புதிய ஆட்சியோடு ஒத்துப்போனார், அவருடைய சகோதரர், டொமினிகன் துறவி யூசெஃப் மரியா, சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து சோவியத் தத்துவத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக்காட்டினார்.

நான் தம்பி பக்கம். யதார்த்தம் என்றால் பலசாலி யார் என்று பார்ப்பது மட்டுமா? குழிக்குள் எட்டிப் பார்த்ததும் யதார்த்தம்தானே! ஆனால் அண்ணனைக் கோழை என்று சொல்ல மாட்டேன். தணிக்கையை எதிர்த்து 1964ல் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக 34 பேர் அனுப்பிய கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. அப்புறம் வெளிநாட்டுப் போலிஷ் இதழில் புனைபெயரில் எழுதியதற்காக வழக்குப் போட்டார்கள். அது முடிவதற்குள், 1966 பிப்ரவரியில், வார்சாவில் இறந்துபோனார்.

தம்பி கடைசிவரை திரும்பவில்லை. 1985ல் மியூனிக்கில் இறந்தார். காத்தினில் சுட்டது தாங்கள்தான் என்று மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990ல்.