எழுதிய சட்டமும் ஊர் வழங்கும் சொல்லும்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்று வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, எனக்குரிய நேரத்தில் பாதியைத் தமதாக்கிக்கொண்டாலும் அதற்காக நான் வருந்தாத அளவுக்கு இனிக்கப் பேசி அமர்ந்த வழக்கறிஞர் சங்கச் செயலாளர் அவர்களே, பொன்னாடையைத் தவிர்த்துப் புத்தகம் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை என்னும் நான்கு சொற்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நேரம் கருதி, அவற்றுள் சட்டம், விதி என்னும் முதலிரண்டை மட்டும் வரிசையாக எடுத்துக்கொள்வேன். அதற்கு முன், எந்த மேடையிலும் நான் சொல்லாமல் இறங்காத பழமொழி ஒன்று உண்டு: ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்.’ சட்டத்தை எழுதிவைக்கும் வழக்கம் ஏற்பட்டதே இந்தப் பழமொழியைப் பொய்யாக்குவதற்குத்தான் என்பது என் துணிபு.

தச்சர் கதவுக்கு அடிப்பதும் சட்டம். சட்டமன்றம் இயற்றுவதும் சட்டம். ஆனால் எதிர்க்கேள்வி கேட்கும் பிள்ளையை ‘என்னிடமே சட்டம் பேசுகிறாயா’ என்று அதட்டுகிறோம். ஊரை அதிகாரம் செய்பவனைச் சட்டாம்பிள்ளை என்கிறோம். ஆக, நம் வீட்டு வழக்கில் சட்டம் பேசுவது ஒரு துடுக்குத்தனம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டத்தைப் பாருங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள் எனப் பலரை அடுக்கிச் செல்லும் அதன் நெடும்பெயரிலிருந்து ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்ட மக்கள் முதலில் ‘குண்டர் சட்டம்’ என்றார்கள். பிறகு அதையும் நறுக்கிக் ‘குண்டாஸ்’ என்றார்கள். பெயர் சுருங்கியதில் பொருளும் தொலைந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்னரே ஒருவரை 12 மாதம் வரை அடைத்துவைக்க இடந்தரும் தடுப்புக்காவல் சட்டம் அது. ஆனால் நீதிமன்றம் விதித்த தண்டனை என்றே பலரும் அதை எண்ணுகிறார்கள்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2017 ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டுக்காக அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, மெரினாவில் அமர்ந்திருந்த இளைஞர்கள் அதனோடு நிறைவடையாமல் ‘நிரந்தரச் சட்டம் வேண்டும்’ என்று முழங்கினார்கள். அரசமைப்பின் 213ஆவது உறுப்பின்படி ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், பேரவை மீண்டும் கூடி ஆறு வாரம் கழிந்தால் தானே காலாவதியாகும். அந்த நுட்பம் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளங்கியிருந்தது. 23ஆம் நாளே பேரவையில் சட்டமுன்வடிவு நிறைவேறியது. சொல்லின் பொருள் தெரிந்த கூட்டம் எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்டது.

அடுத்தது விதி. சட்டத்தைப் பேரவை இயற்றுகிறது. அந்தச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டு அரசு வகுப்பது விதி. ‘விதியில் இடமில்லை’ என்று அலுவலக மேசைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தால், நம்மவர் அதைத் தலைவிதி என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். எந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதி, அதன் எண் என்ன என்று கேட்பதில்லை. கேளாதவரிடம் மேசைக்கு அப்பால் இருப்பவரே வல்லான். அவர் வகுத்ததே வாய்க்கால். வட்டாட்சியர் அவர்கள் சிரிப்பதால், நம் வட்டத்தில் அப்படி நடப்பதில்லை என்றே கொள்கிறேன்.

இங்கே ஜெய்ப்பூர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். மன்னர் சிறுவராக இருந்ததால் அங்கே அமைச்சரவையே ஆட்சி நடத்திய காலம். 1923 டிசம்பர் 11 அன்று அமைச்சர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டு, ஜெய்ப்பூர் அபின் சட்டத்தை நிறைவேற்றினார்கள். நிறைவேற்றியவர்கள் அரசிதழில் அதை வெளியிடவில்லை. வேறு எவ்வகையிலும் ஊருக்கு அறிவிக்கவும் இல்லை. பிறகு, 15 ஆண்டுகள் உறங்கியெழுந்தவர்களைப் போல, 1938இல் அதே சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். என்ன வரி தெரியுமா? ‘இச்சட்டம் 1924 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரும்’ என்று! (கைதட்டல்) அந்தச் சட்டத்தின்படி ஒருவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் விட்டாரா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தொகையைப் பார்த்தால் வழிச்செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் வழக்கு தொகையைப் பற்றியதன்று. 1951இல் ‘ஹர்லா எதிர் ராஜஸ்தான் மாநிலம்’ என்னும் அவ்வழக்கில் தீர்ப்பெழுதிய நீதியரசர் விவியன் போஸ், மக்கள் முயன்றாலும் அறிந்துகொள்ள வழியில்லாத ஒரு சட்டத்தைக் கொண்டு அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று கூறி, தண்டனையை நீக்கினார். மூடிய அறைக்குள் வகுத்த வாய்க்காலில் நீர் பாயாது என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி நான் இங்கு வந்த காரியத்துக்கு வருகிறேன். அரசிதழில் வெளியாகிவிட்டது என்பது சட்டத்தின் கணக்குக்குப் போதுமானது. படிக்கிறவரின் கணக்குக்குப் போதாது. அரசிதழ் நம்மில் எத்தனை பேர் கைக்கு வருகிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தான் பின்பற்றும் விதிகளையும் அறிவுரைகளையும் யாரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசாணைகளுக்கும் இது பொருந்தும். அவற்றைக் கொண்டுவந்து வைக்க நூலகத்தைவிடத் தகுந்த இடம் ஏது? 1948இல் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் பயனாக, வீட்டுவரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். போட்டித் தேர்வு நூல்களுக்கு இரண்டு அலமாரிகள் இருக்கும் இந்தக் கட்டடத்தில், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் தமிழ்ப் படி ஒன்றும் இல்லை. கிராமசபைக்குப் போகிறவர் எதைப் படித்துவிட்டுப் போவார்?

ஆகவே, இந்நூலகத்தில் தமிழில் சட்ட அலமாரி ஒன்று அமைக்க வேண்டும். ஊராட்சி, பத்திரப்பதிவு, பட்டா, குடும்ப அட்டை ஆகியவற்றுக்குரிய சட்டங்களும் விதிகளும் திருத்தங்களோடு அதில் இருக்க வேண்டும். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய விண்ணப்பம் நூலகர் அம்மையாரின் மேசைமேல் இருக்கிறது. வட்டாட்சியர் அவர்களைக் கையெழுத்துக் கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் இடுவார்கள். தேநீருக்கு எழுந்து போகும் வழியில் மற்றவர்களும் இட்டுச் செல்ல வேண்டுகிறேன்.