‘எல்லாமே கஷ்டம்’ என்ற சொல்லுக்குள் இருப்பவை
(மும்பை சயானில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

“தைரியமாக இரு” என்ற சொல்லை இன்று ஒரு நாள் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புற்றுநோய் வந்த குழந்தையின் தாய் அந்தச் சொல்லை ஒரு நாளில் பத்துப் பேரிடம் கேட்கிறாள். கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் அழுவதற்கு இருந்த இடம் குறைகிறது.

பரேலில் டாடா புற்றுநோய் மருத்துவமனையைச் சுற்றி நடைபாதையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அது தொடங்கிய 1941 முதல் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். நாம் பக்கத்திலேயே இருக்கிறோம். சயானில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பரேல். ஆனால் கீமோ முடிந்து, ‘கவுண்ட்’ என்கிற இரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கிய குழந்தையை அந்தக் கூட்டத்தில் எப்படி ஏற்றுவது? டாக்ஸிக்கே வீட்டுப் பணம் கரைகிறது.

இது பத்து நாளில் முடிகிற பாடும் இல்லை. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்கிறது. வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த நூறு குழந்தைகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் அந்த எண் மிகவும் குறைந்துபோவதற்குப் பல காரணங்கள் உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புவது அவற்றில் ஒன்று. மருந்து வேளையையும் அடுத்த ஊசியின் தேதியையும் நினைவில் சுமப்பவள் தாய். அவள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டால் சிகிச்சையும் ஆட்டம் காண்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். ஐந்து வயது மகனுக்குச் சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. “எது உனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டேன். “எல்லாமே கஷ்டம்தான் அக்கா” என்றார்.

இப்படிப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்காக அமெரிக்காவில் ‘பிரைட் ஐடியாஸ்’ என்று ஒரு பயிற்சி இருக்கிறது. சிக்கலுக்குப் பெயர் வைப்பது, வழிகளை எழுதிப் பார்ப்பது, ஒன்றைத் தேர்ந்து செய்வது, பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது: இதைத்தான் எட்டு அமர்வுகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 430 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களின் மனச்சுமை குறைந்திருந்தது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் ஒரு பிரிவுத் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; இன்னொரு பிரிவுத் தாய்மார்கள் சொல்வதை யாராவது ஒருவர் பரிவோடு கேட்டார். இரு பக்கமும் மனம் இலேசானது. மூன்று மாதம் கழித்தும் மேலும் முன்னேறியவர்கள் பயிற்சி பெற்ற தாய்மார்கள். காது கொடுப்பது வீண் இல்லை என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாயோடு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். “எல்லாமே” என்பதற்குள் என்ன இருந்தது தெரியுமா? இரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் முதலில் நின்றது. அவர் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது. கவுண்ட் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். மூத்த மகளை யாரிடம் விடுவது, வண்டிக்கு எங்கே போவது, இந்தியில் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எழுதினோம். தெர்மாமீட்டரில் எந்த அளவைத் தாண்டினால் கிளம்ப வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு எழுதினார். ஃபைலும் ஒரு மாற்றுத் துணியும் கதவோரம் பையில் இருக்கும். எதிர்வீட்டு அண்ணி மகளைப் பார்த்துக்கொள்வார். தெருமுனை டாக்ஸிக்காரரின் எண் சுவரில் ஒட்டப்பட்டது. அன்று இரவு நான்கு மணி நேரம் தூங்கினேன் என்று மறுவாரம் சொன்னார். நான்கு மணி நேரம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நோட்டில் அடங்காத ஒன்றும் இருந்தது. “கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனேன் அக்கா, அதனாலா?” இல்லை. கிரகணத்தாலோ, சாப்பிட்ட பப்பாளியாலோ, பட்ட கண்ணேறாலோ இந்த நோய் வருவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று மருத்துவத்தாலேயே சொல்ல முடிவதில்லை. ஒட்டுகிற நோயும் இல்லை. குளியலறைக் குழாயடியில் நின்று, “என்ன பாவமோ” என்று அவள் காதில் விழும்படி பேசுகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் நாம்தான் தடுக்க வேண்டும்.

நோட்டும் துணையும் போதாத நிலையும் வரும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று பேச்சு வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் உடனே கூட்டிப்போங்கள். அரசின் டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கதவருகே ஒரு தாள் வைத்திருக்கிறேன். “உதவி வேண்டுமென்றால் சொல்” என்று தயவுசெய்து அதில் எழுதாதீர்கள். கேட்கிற வேலையையும் அவள் தலையிலேயே வைக்கிற பேச்சு அது. செவ்வாய் மதியம் மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன், வியாழன் பரேலுக்கு ரசமும் சோறும் கொண்டுபோகிறேன், பிளேட்லெட் கொடுக்க என் மகன் வருவான் என்று கிழமையும் நேரமும் போட்டு எழுதுங்கள். பேனா அங்கேயே இருக்கிறது.