பிள்ளையைக் கேட்டா வந்தார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சக்தியுள்ள பிள்ளையைச் சூப்பர்ஹீரோ குழுக்கள் போட்டி போட்டுத் தேடி வருவது அந்தப் பிள்ளைக்காகவா, அந்தச் சக்திக்காகவா? இதுதான் தலைப்பு. பிள்ளைக்காகவே என்று உருகிப் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போய் உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தலைவி. அழுதால் மார்க் உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அழ வராது. நான் காமிக்ஸைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

எக்ஸ்-மென் 129ஆம் இதழ், ஜனவரி 1980. அமெரிக்காவில், சிகாகோவுக்குப் பக்கத்தில் டியர்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே கிட்டி பிரைடு என்ற பெண்ணுக்கு வயது 13 முடிந்து ஆறு மாதம். மண்டையைப் பிளக்கிற தலைவலி. தன் அறையில் வலி தாங்காமல் கிடந்தவள், கண்ணைத் திறந்தால் கீழ்த்தளத்தில் கிடக்கிறாள். மேலே பார்த்தால் கூரையில் ஒரு ஓட்டைகூட இல்லை. தளத்துக்குள் புகுந்தே இறங்கி வந்திருக்கிறாள்!

அன்றைக்குப் பார்த்து அந்த வீட்டு வாசலுக்கு இரண்டு பள்ளிக்கூடம் வருகிறது. முதலில் மாசசூசெட்ஸ் அகாடமியின் தலைமையாசிரியை எம்மா ஃபிராஸ்ட். வெளியே பள்ளிக்கூடம், உள்ளே ஹெல்ஃபயர் கிளப் என்ற சதிக்கும்பல். அம்மையார் விடைபெறும் நேரத்துக்கு, இன்னொரு பள்ளிக்கூடத்தின் பெயரில் எக்ஸ்-மென் குழுவை நடத்தும் பேராசிரியர் சேவியர் வந்துவிடுகிறார், தன் குழுவின் ஸ்டார்ம், வுல்வரின், கொலோசஸ் மூவரையும் கூட்டிக்கொண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் நம் வீட்டு போன் அடிக்குமே, அந்த மாதிரி. எனக்கு ஒரு போனும் வரவில்லை. என் மார்க் அப்படி.

இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சேவியரிடம் செரிப்ரோ என்று ஒரு கருவி இருக்கிறது. மியூட்டன்ட் சக்தி, அதாவது பிறவியிலேயே உடம்போடு வந்த சக்தி, எங்கே தலைதூக்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கருவியில் தலைவலி தெரியாது, நடுவர் அவர்களே. தலையணையில் முகம் புதைத்து அழுகிற பிள்ளை தெரியாது. அதே தெருவில் சக்தியே இல்லாமல் தலைவலியோடு ஒரு பிள்ளை இருந்திருந்தால், அந்த வீட்டு வாசலில் சேவியரின் சக்கர நாற்காலி நின்றிருக்குமா?

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். சேவியர் பெற்றோரோடு பேச உட்கார்ந்துவிட, கிட்டி மற்ற மூவரோடும் ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறாள். ஸ்டார்மிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். கதையிலேயே எனக்குப் பிடித்த இடம் அது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு முடிவதற்குள் கவச உடை போட்ட ஹெல்ஃபயர் ஆட்கள் கடைக்குள் பாய்கிறார்கள். நாற்காலி, மேசை, கண்ணாடி எல்லாம் தூள். 13 வயதுப் பெண் சுவருக்குள் புகுந்து தப்பி ஓடுகிறாள். அட்மிஷன் கேட்டு வந்த லட்சணம் இது!

"அது கெட்டவர்கள் செய்தது, எங்கள் சேவியர் அணி அப்படியா?" என்று எதிரணி துள்ளும். சரி, இரண்டு இதழ் தள்ளி 131க்கு வாருங்கள். மகளைக் காணாமல் தவித்த பெற்றோர் கொதித்துப்போய் நிற்கிறார்கள். அந்த அப்பாவின் கோபத்தில் என்ன தப்பு? பெற்றவன் கோபப்படக் கூடாதா? சேவியர் அணியின் ஃபீனிக்ஸ், அதாவது ஜீன் கிரே, அவர் மனத்துக்குள் புகுந்து லேசாகத் திருகிவிடுகிறாள். மனிதர் உடனே சாந்தமாகிவிடுகிறார். பக்கத்தில் நிற்கிற அதே அணியின் சைக்ளாப்ஸுக்கே குலை நடுங்குகிறது. எம்மா கடையை உடைத்தார். இவர்கள் ஒரு தகப்பனின் மறுப்பை உடைத்தார்கள். கடையையாவது திரும்பக் கட்டிவிடலாம்.

1986இல் ஃபயர்ஸ்டார் கதையிலும் இதே ஓட்டப்பந்தயம்தான். அங்கே எம்மா முந்திக்கொண்டார். ஏஞ்சலிக்கா என்ற அந்தப் பெண்ணைச் செல்லம் கொஞ்சி வளர்த்தது, பின்னால் கொலைக்கு ஏவ.

எதிரணித் தலைவி ரோக்கைச் சொன்னார். 171ஆம் இதழ், 1983. கேரல் டேன்வர்ஸ் என்ற சூப்பர்ஹீரோயினின் சக்தியையும் நினைவையும் உறிஞ்சிக்கொண்டு, தன் தலைக்குள் இன்னொருத்தி குரலோடு தவித்த பெண். சொந்த அணியே எதிர்த்தும் சேவியர் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஒப்புக்கொள்கிறேன், அந்த இடத்தில் அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அம்மா, தலைப்பைப் படியுங்கள். தேடி வருவது! ரோக்கைத் தேடி எக்ஸ்-மென் போகவில்லை. அவளேதான் வந்து கதவைத் தட்டினாள். உங்கள் சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது 2020. ஃபென்டாஸ்டிக் ஃபோர் குடும்பத்துப் பையன் ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ். பிரபஞ்சத்தையே படைக்கிற சக்தி. அது ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குறைந்துகொண்டே வருகிறது. மியூட்டன்ட்களின் தீவு கிராகோவா "எங்களிடம் வா" என்கிறது. அப்பா ரீட் ரிச்சர்ட்ஸ் போகவிட மாட்டேன் என்கிறார். பையனிடம் கேட்காமலே அவன் உடம்பில் விஞ்ஞான வேலை காட்டுகிறார். இரண்டு பக்கமும் இழுக்க, பையன் வீட்டை விட்டே ஓடுகிறான். அவனைக் கூப்பிட வந்தவர்களில் ஒருத்தி யார் தெரியுமா? நம் கிட்டி பிரைடு. அன்றைக்கு ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்திருந்த அதே பெண். இப்போது கப்பல் தலைவி. அந்தப் பதவிக்கு அவளைக் கொண்டுவந்தது எம்மா ஃபிராஸ்ட்! 1980இல் ஒரு பெண்ணுக்காக அடித்துக்கொண்ட இரண்டு பள்ளிக்கூடமும் 2020இல் ஒரே நிர்வாகம்.

அதே ஆண்டு முடிவதற்குள் ஃபிராங்க்ளினின் சக்தி தீர்ந்துபோனது. வா வா என்று கூப்பிட்ட சேவியரே சொல்கிறார்: நீ மியூட்டன்ட்டே இல்லை, கிராகோவாவில் உனக்கு இடமில்லை. பையன் அதே பையன்தான். அதே குழப்பம், அதே வயது. முன்பைவிட இப்போதுதான் அவனுக்கு ஆள் துணை தேவை. குளத்தில் தண்ணீர் வற்றியதும் கொக்கு கிளம்பிவிட்டது. வாடினாலும் கூடவே கிடந்த ஆம்பல் யார் என்றால், அப்பா, அம்மா, தங்கை. அவன் ஓடிப்போன அதே வீடு.

மணி அடித்துவிட்டார்கள். பதிலுரையில் எதிரணித் தலைவி மறுபடியும் ரோக்கைப் பற்றிப் பேசுவார், பேசட்டும். சக்தி போன மறுநாள் ஃபிராங்க்ளினைப் பார்க்க கிராகோவாவிலிருந்து யார் வந்தார்கள் என்று மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.